கல்லூரி நூலகத்தின் காணொளிச் சேவையை வீட்டிலிருந்து திறப்பதும் படிப்புக்குப் பயன்படுத்துவதும்

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் தாதியர் டிப்ளோமா முதலாமாண்டு படிக்கிறேன். எங்கள் நூலகத்தில் கல்விக் காணொளிகளுக்கான ஸ்ட்ரீமிங் சேவை இருப்பதாக அறிமுக வாரத்தில் சொன்னார்கள். கல்லூரியில் திறந்தால் நன்றாக ஓடுகிறது. ரவாங்கில் உள்ள வீட்டிலிருந்து கூகுளில் தேடிப் போனால் பணம் கட்டச் சொல்கிறது. பதிவிறக்கம் செய்யவும் வழியில்லை. யூடியூபில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது இதற்காக மெனக்கெட வேண்டுமா?

பதில்:

மெனக்கெடத்தான் வேண்டும். பினாங்கில் ஒரு கல்லூரி நூலகத்தின் மின்வளப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்களுக்கு நேர்ந்த இதே சிக்கலோடு ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவர்கள் எங்கள் முகப்பிடத்துக்கு வருகிறார்கள். பெரும்பாலோர் ஒருமுறை பணம் கேட்டதும் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். உங்கள் பெயரில், உங்கள் கட்டணத்திலிருந்து ஒரு பங்கைச் செலவழித்து நூலகம் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் பொருள் அது. அதற்குள் எப்படிப் போவது, ஏன் அது பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, உள்ளே போனபின் எப்படிப் படிப்பது ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன்.

வளாகத்துக்குள் கடவுச்சொல் கேட்காமலே காணொளி ஓடுகிறதென்றால், சேவை நிறுவனம் உங்களை அறிந்திருக்கிறது என்று பொருளல்ல. உங்கள் கல்லூரியின் இணைய முகவரியை அறிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது நூலகம் தன் வளாகத்து ஐபி முகவரிகளை நிறுவனத்திடம் கொடுத்துவிடும். அந்த முகவரிகளிலிருந்து வரும் வேண்டுகோள்களுக்கு மட்டும் கதவு தானாகத் திறக்கும். ரவாங் வீட்டு வைஃபையின் முகவரி அந்தப் பட்டியலில் இல்லாததால், யாரோ ஒரு வெளியாள் வந்திருப்பதாக எண்ணி நிறுவனம் தன் விலைப்பட்டியலைக் காட்டுகிறது. வளாகத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாலும், கைப்பேசி கல்லூரி வைஃபையை விட்டுவிட்டுத் தன் சொந்தத் தரவுக்கு மாறிவிட்டால் இதே கதைதான். வகுப்பில் ஒருவருக்கு ஓடி அடுத்தவருக்கு ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வெளியில் இருக்கும் மாணவர்களுக்காக நூலகங்கள் இடையில் ஒரு ப்ராக்ஸி சேவையகத்தை வைத்திருக்கின்றன. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது ஈசிப்ராக்ஸி. 1999இல் உருவாகி, 2008 முதல் நூலகக் கூட்டமைப்பான ஓசிஎல்சியின் கையில் இருக்கிறது. நூலக இணையதளத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்கினால், முதலில் இந்தச் சேவையகம் உங்கள் மாணவர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்கும். சரிபார்த்தபின், உங்கள் வேண்டுகோளைக் கல்லூரியின் முகவரியிலிருந்தே வருவதுபோல நிறுவனத்துக்கு அனுப்பும். ஓப்பன்ஏதன்ஸ் போன்ற வேறு முறையைப் பயன்படுத்தும் கல்லூரிகளும் உண்டு. அங்கே நிறுவனத்தின் தளத்திலேயே உங்கள் கல்வி நிலையத்தைத் தேர்ந்தெடுத்து உள்நுழையலாம். எதுவானாலும் நீங்கள் பின்பற்ற வேண்டிய வழி ஒன்றுதான்: கூகுளை மறந்துவிட்டு, நூலகத்தின் இணையதளத்துக்குப் போய், ஆங்கிலத்தில் 'டேட்டாபேசஸ்' என்றோ மலாயில் 'பங்காலான் டாத்தா' என்றோ தலைப்பிட்ட பகுதியிலிருந்து அந்தச் சேவையைத் திறவுங்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் மாணவர்கள் தடுமாறுவார்கள். பிடித்த காணொளியை உலாவியில் குறித்து வைத்துக்கொண்டு மறுவாரம் திறந்தால் பிழைச்செய்தி வரும். நீங்கள் குறித்து வைத்தது அன்றைய உள்நுழைவுக்கு மட்டும் செல்லுபடியாகும் முகவரியாக இருந்திருக்கும். காணொளிக்குக் கீழே பகிர்வுப் பொத்தானை அழுத்தினால் வரும் நிலையான இணைப்பைத்தான் சேமிக்க வேண்டும். அடுத்தது, கைப்பேசியில் இலவச விபிஎன் செயலி ஒன்றை எப்போதும் இயக்கத்தில் வைத்திருப்பது. நீங்கள் வேறொரு நாட்டிலிருந்து வருவதாகத் தோன்றும்போது, உரிமம் மலேசியாவுக்கு மட்டும் வாங்கப்பட்ட படங்கள் ஓட மறுக்கும். அதை நிறுத்திவிட்டு மறுபடி உள்நுழையுங்கள்.

பதிவிறக்கம் ஏன் முடியவில்லை என்பதற்கு வருகிறேன். நூலகம் குறுந்தட்டு வாங்கிய காலத்தில் அந்தத் தட்டு நூலகத்தின் சொத்து. கீறல் விழும்வரை அலமாரியில் இருக்கும். ஸ்ட்ரீமிங்கில் நூலகம் பெரும்பாலும் எதையும் சொந்தமாக்கிக்கொள்வதில்லை. ஒரு முழுத் தொகுப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம், அல்லது ஒவ்வொரு தலைப்புக்கும் ஓராண்டு, மூன்றாண்டு என்று உரிமம் எடுக்கலாம். கெடு முடிந்ததும் இணைப்பு அணைந்துவிடும். ஆகவேதான் கோப்பு உங்கள் கையில் முழுதாக வருவதேயில்லை. சில விநாடி நீளமுள்ள சிறு துண்டுகளாக, குறியாக்கம் செய்யப்பட்டு வந்து, ஓடி முடிந்ததும் போய்விடுகிறது. திரையைப் பதிவு செய்ய முயன்றால் பல சேவைகளில் கறுப்புப் படம் மட்டுமே மிஞ்சும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கற்றல் கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. ஆனால் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதை அது வேறாகவே பார்க்கிறது. அதோடு, கல்லூரியின் முகவரியிலிருந்து வழக்கத்துக்கு மாறாகக் கோப்புகள் இறங்குவதை நிறுவனம் கவனித்தால், அது எந்த மாணவர் என்று அதற்குத் தெரியாததால் ப்ராக்ஸி முகவரியையே முடக்கிவிடும். அன்றிரவு கல்லூரியில் ஒருவருக்குமே எதுவும் திறக்காது. தேர்வு வாரத்தில் இப்படி நடந்து, மறுநாள் முழுதும் நாங்கள் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்ததுண்டு. கடவுச்சொல்லை உறவினருக்கோ தோழிக்கோ கொடுக்காதீர்கள் என்று நூலகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

பணம் எப்படி ஓடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பயன்பாடு அதைத் தீர்மானிக்கிறது. 2008இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட கானோப்பி என்னும் காணொளிச் சேவை, கல்லூரிகளுக்கு ஒரு முறையைப் பரவலாக்கியது. பெரும் பட்டியல் முழுவதையும் மாணவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். 30 விநாடிக்கு மேல் ஓடினாலே அது ஒரு பார்வை. ஒரு தலைப்பின் முதல் மூன்று பார்வைகளுக்குக் கட்டணமில்லை. நான்காவது பார்வையில் நூலகம் அதற்கு ஓராண்டு உரிமம் வாங்கியதாகக் கணக்காகிவிடும். யாரும் கேட்காத படத்துக்குப் பணம் போகாது என்பது இதன் நன்மை. சும்மா திறந்து ஒரு நிமிடம் பார்த்து மூடும் பழக்கம் நூலகத்தின் நிதியைக் கரைத்துவிடும் என்பது இதன் ஆபத்து. பொதுநூலகங்களுக்குப் பார்வைக்கு இவ்வளவு என்று கட்டணம். அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று நியூயார்க் நகரத்தின் நியூயார்க், புரூக்ளின், குயின்ஸ் பொதுநூலகங்கள் மூன்றும் 2019 ஜூலையில் அந்தச் சேவையை விட்டுவிட்டன. பெரிய நகரத்து நூலகங்களுக்கே அந்த நிலை என்றால், டாலரில் வரும் விலைச்சீட்டுக்கு ரிங்கிட்டில் பணம் செலுத்தும் நம் ஊர்க் கல்லூரிகளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. ஆண்டு இறுதியில் சந்தாவைப் புதுப்பிக்கலாமா என்று நாங்கள் கூடிப் பேசும்போது எங்கள் முன்னால் இருப்பது பயன்பாட்டு எண்ணிக்கைதான். தாதியர் பிரிவு மாணவர்கள் பார்க்கவில்லையென்றால் தாதியர் தொகுப்புதான் முதலில் போகும்.

இனி உள்ளே. சேவைக்குச் சேவை முகப்பு மாறினாலும், ஃபிலிம்ஸ் ஆன் டிமாண்ட், அலெக்சாண்டர் ஸ்ட்ரீட் போன்ற கல்விச் சேவைகள் பலவற்றிலும் காணொளியின் அருகிலேயே பேச்சின் எழுத்துவடிவம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வரியைச் சொடுக்கினால் படம் அந்த இடத்துக்குத் தாவும். நீண்ட காணொளிகள் தனித்தனித் தலைப்புள்ள சிறு பகுதிகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டு வசதிகளுக்காகவே நான் இந்தச் சேவைகளை மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். ஒரு மணி நேரக் காணொளியை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டு, பாதியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது படிப்பாகாது.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கிருமி நீக்கிய கையுறையை அணியும் முறை உங்கள் செய்முறைத் தேர்வில் வரும். அதைப் பற்றிய காணொளியைத் திறந்து, எழுத்துவடிவத்தின் தேடுபெட்டியில் கையுறையின் மணிக்கட்டு மடிப்புக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கஃப்' என்ற சொல்லைத் தட்டுங்கள். அறிமுகமும் கதையும் கழன்று, நேரே அந்த விநாடிக்குப் போய்விடுவீர்கள். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். வெறுங்கை முதல் கையுறையைத் தொடுவது மடித்துவிடப்பட்ட உட்பக்கத்தில் மட்டும். இரண்டாவது கையுறையை எடுக்கும்போது, ஏற்கெனவே கையுறை அணிந்த விரல்கள் மடிப்பின் அடியில் நுழைகின்றன. கட்டைவிரல் தள்ளி விலகியே நிற்கிறது, ஏனென்றால் அது மறுகையின் தோலில் பட்டுவிட்டால் எல்லாம் போயிற்று. முழு வேகத்தில் இந்தக் கட்டைவிரல் யார் கண்ணிலும் படாது. மூன்றாவது முறை பார்க்கும்போது, ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் படத்தை நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஓடவிடுங்கள். பகுதிகளை வெட்டி, பெயரிட்டு, பட்டியலாகச் சேமிக்கும் வசதியும் பல சேவைகளில் உண்டு. அதற்குத் தனிக் கணக்கு தொடங்கச் சொல்வார்கள். அந்தக் கணக்குக்குக் கல்லூரிக் கடவுச்சொல்லையே கொடுத்துவிடாதீர்கள்.

தேடும்போது கவனிக்க வேண்டிய முதல் விவரம், காணொளி தயாரிக்கப்பட்ட ஆண்டு. மருத்துவத் துறையில் இது உயிர்ப் பிரச்சினை. இதய இயக்க மீட்பு முதலுதவியை (சிபிஆர்) எடுத்துக்கொள்ளுங்கள். மார்பை 30 முறை அழுத்தி 2 முறை மூச்சு ஊதும் கணக்கு 2005இல்தான் வந்தது. அதற்கு முந்தைய காணொளிகளில் பெரியவர்களுக்கு 15க்கு 2 என்று இருக்கும். மூச்சுப்பாதையைத் திறப்பதில் தொடங்கும் பழைய வரிசையை மாற்றி, மார்பழுத்தத்தை முதலில் வைக்குமாறு அமெரிக்க இதயச் சங்கம் 2010இல் அறிவித்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர், ஆனால் 6ஐத் தாண்டாத ஆழம் என்ற எல்லையை அதே சங்கம் 2015இல் வரையறுத்தது. 2003இல் எடுக்கப்பட்ட அழகான, தெளிவான ஒரு படம் இன்று உங்களுக்குத் தவறான செயல்முறையைக் கற்றுத்தரும். கல்விச் சேவையில் தயாரிப்பாண்டும் தயாரிப்பு நிறுவனமும் விவரப் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். ஆண்டை வைத்து வடிகட்டவும் முடியும். யூடியூபில் பெரும்பாலும் பதிவேற்றிய தேதிதான் தெரியும். பழைய படத்தை யாரோ சென்ற ஆண்டு ஏற்றியிருந்தால் அது புதிதாகவே தோன்றும். உங்கள் கேள்விக்கு என் முதன்மையான பதில் இதுதான்.

அதற்காக யூடியூபை ஒதுக்கச் சொல்லவில்லை. இந்திய ஐஐடிக்களின் என்பிடெல் விரிவுரைகள் பலவும் அங்கே இலவசமாக இருக்கின்றன. உடற்கூறியலை எளிய தமிழில் விளக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒரு கருத்து புரியாதபோது அங்கே போய்த் தெளிந்து வாருங்கள். செயல்முறையையும் இடுபணிக்கான ஆதாரத்தையும் நூலகச் சேவையிலிருந்து எடுங்கள்.

அந்தச் சேவையிலும் ஒரு குறை உண்டு. உள்ளடக்கத்தின் பெரும்பகுதி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தயாரானது. அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள் என்று படம் சொல்லும், நமக்கு 999. இரத்தச் சர்க்கரையை அமெரிக்கப் படம் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்லும். உங்கள் வார்டில் கருவி லிட்டருக்கு மில்லிமோலில் காட்டும். படம் சொல்லும் எண்ணை 18ஆல் வகுத்தால் நம் எண் கிடைக்கும்: 126 என்பது 7.0. அமெரிக்கர் அசெட்டமினோஃபென் என்பது நாம் தினமும் சொல்லும் பாராசிட்டமால். அவர்கள் எபிநெஃப்ரின் என்பது அட்ரினலின். யார் எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதற்கு மருத்துவரின் உத்தரவு வேண்டும் என்பவை ஒவ்வொரு நாட்டுச் சட்டத்தையும் மருத்துவமனை விதியையும் பொறுத்தவை. காணொளியில் தாதி ஒருவர் செய்கிறார் என்பதற்காக இங்கே நீங்கள் செய்துவிட முடியாது. சந்தேகம் வந்தால் விரிவுரையாளரிடம் கேளுங்கள்.

வீட்டில் படம் திக்கித் திக்கி ஓடினால், படத்தின் தரத்துக்கு இணையத்தின் வேகம் பெரும்பாலும் ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். அமைப்புகளில் தரத்தை 480க்குக் கையால் இறக்கி வைத்துவிடுங்கள். செய்முறை விளக்கங்களுக்கு அது போதும். கைப்பேசித் தரவில் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு உதவும்: விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 450 மெகாபைட் செலவாகும். முழு உயர்தரத்தில் விநாடிக்கு 5 மெகாபிட் என்றால் அதுவே 2 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருகிறவராக இருந்தால், படத்தை விட்டுவிட்டு எழுத்துவடிவத்தை வீட்டிலேயே அச்சிட்டோ சேமித்தோ எடுத்து வந்து ரயிலில் படியுங்கள். அதைச் சேமிக்கப் பல சேவைகள் அனுமதிக்கின்றன; பயன்பாட்டு விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தோழிகளோடு விடுதி அறையில் சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்பார்கள். அதே கல்லூரி மாணவர்கள் படிப்புக்காகக் கூடிப் பார்ப்பதற்கும் விரிவுரையாளர் வகுப்பில் போட்டுக் காட்டுவதற்கும் கல்வி உரிமங்கள் பொதுவாக இடம் தருகின்றன. மாணவர் மன்ற நிகழ்ச்சியில் வெளியாட்களை அழைத்து, நுழைவுச்சீட்டு விற்றுத் திரையிடுவது வேறு விவகாரம். அதற்கு முன்கூட்டியே நூலகரிடம் கேட்க வேண்டும். மடிக்கணினியைப் படப்பெருக்கியில் (புரொஜெக்டரில்) மாட்டியதும் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக நின்றால், பழைய கருவியோ கம்பியோ பூட்டப்பட்ட காட்சியை ஏற்க மறுக்கிறது என்று சந்தேகிக்கலாம். வேறு உலாவி, வேறு கம்பி என்று மாற்றிப் பாருங்கள்.

இடுபணியில் மேற்கோள் காட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. சேவையே ஏபிஏ வடிவத்தில் மேற்கோளைத் தயாரித்துத் தரும். அதை அப்படியே ஒட்டிவிடாமல் ஆண்டு சரியா, இயக்குநர் அல்லது தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ராக்ஸி முகவரியை மேற்கோளில் எழுதாதீர்கள். உங்கள் கல்லூரிக்கு வெளியே யாருக்கும் அது திறக்காது. காணொளியில் சொல்லப்பட்டதை அப்படியே எடுத்தெழுதும்போது, புத்தகத்துக்குப் பக்க எண் கொடுப்பதைப்போல அந்த இடத்தின் நிமிடத்தையும் விநாடியையும் கொடுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யும் மாணவர்கள் குறைவு. செய்தால் விரிவுரையாளரின் கண்ணில் உடனே படும்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டிலிருந்து திறக்கவில்லையென்றால், 'ஓடவில்லை' என்று மட்டும் எழுதாமல், எந்தத் தலைப்பு, எந்த நாள், எத்தனை மணிக்கு, வீட்டு வைஃபையா கைப்பேசித் தரவா, எந்த உலாவி என்பவற்றோடு, திரையில் வந்த பிழைச்செய்தியின் படத்தையும் இணைத்து உங்கள் நூலகத்தின் மின்வளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ப்ராக்ஸியின் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேடிப் பார்த்தால், சிக்கல் உங்கள் கடவுச்சொல்லிலா, எங்கள் அமைப்பிலா, நிறுவனத்தின் பக்கத்திலா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியும். உங்கள் பாடத்துக்கு வேண்டிய காணொளி தொகுப்பில் இல்லையென்றால் அதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்; விரிவுரையாளரின் பெயரையும் பாடக்குறியீட்டையும் சேர்த்துக் கேட்டால் வாங்குவதற்குக் காரணம் காட்ட எங்களுக்கு எளிது. சந்தா புதுப்பிக்கும் பேச்சு பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் நடக்கும். அதற்கு முன்னரே எழுதிவிடுங்கள்.